இரண்டு புரதங்கள் இலத்திரனைக் கைமாற்றும் முகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

ஹட்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கும், முதலாம் ஆண்டு முடித்து விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் இந்தப் பயிற்சியைச் செய்து காட்டி வருகிறேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். புரதங்களின் அணு அமைப்பைக் கொண்ட கணினிக் கோப்பைத் திறந்ததும் இரண்டு புரதமும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுவார்கள். பூட்டும் சாவியும் போல ஒரு பொருத்தம் கண்ணில் படாது. "டீச்சர், இது சரியாப் பொருந்தவே இல்லையே" என்பார்கள்.

அந்தப் பிள்ளைகள் பார்த்தது சரி, பார்த்த ஒழுங்குதான் பிழை. முதலில் தூரம், அடுத்து மின்னேற்றம், அதற்கடுத்து நடுப்பகுதி, கடைசியில் பிடியின் வலிமை. இந்த ஒழுங்கில் போனால் அந்தத் தளர்ந்த பொருத்தம் ஏன் என்பது தானாகவே விளங்கும்.

எடுத்துக்கொள்ளும் சோடி, ஈஸ்ட்டில் உள்ள சைற்றோகுரோம் சி என்ற சிறிய புரதமும், சைற்றோகுரோம் சி பெரொக்சிடேஸ் என்ற நொதியமும். பேக்கரியில் பாண் மாவில் போடும் அதே ஈஸ்ட்தான். இரண்டும் அதன் இழைமணியின் இரு மென்சவ்வுகளுக்கும் இடையில் இருப்பவை. இவை சேர்ந்து நிற்கும் பளிங்கு அமைப்பு (பளிங்காக்கி எடுத்த அணுப் படம்) 1992இல் வெளியானது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மடிக்கணினி இருந்தால், புரதத்தை முப்பரிமாணத்தில் காட்டும் கைமேராஎக்ஸ் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கல்வித் தேவைக்கு இலவசம். போன் மட்டும்தான் என்றால் மோல்ஸ்டார் போதும், அது உலாவியிலேயே ஓடும். ஆனால் போன் திரையில் அணுவைச் சரியாகத் தொட விரலுக்குப் பொறுமை வேண்டும்.

புரதத் தரவு வங்கியில் கோப்பின் குறியீடு 2-பி-சி-சி. ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான எழுத்துக் கோப்பு. முதல் நாளே இறக்கி வைத்துவிடுங்கள். எங்கள் பக்கம் மழையும் காற்றும் பிடித்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும்.

ஒரு தாளில் மூன்று வரி எழுதிப் பக்கத்தில் வையுங்கள். நேரேற்றம்: லைசீன், ஆர்ஜினின். மறையேற்றம்: அஸ்பார்ட்டேற்று, குளுத்தமேற்று. ஏற்றமில்லாமல் நீரை வெறுப்பவை: அலனின், வலின், லூசின், பீனைல்அலனின். திரையில் இவை மூன்றெழுத்துச் சுருக்கமாகத்தான் வரும். அந்தச் சுருக்கங்களையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் தேடப் போனால் பார்த்துக்கொண்டிருந்தது மறந்துவிடும்.

2. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று முதலில் தீர்மானியுங்கள்

படத்தைத் திறக்கும் முன்னரே இதைச் செய்யுங்கள். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் முகத்தைத் தேடினால், தேடுவது எந்த நிலையில் உள்ள புரதத்தை என்பதே குழம்பிவிடும்.

சைற்றோகுரோம் சி இன் தாழ்த்தல் அழுத்தம் (இலத்திரனை இழுக்கும் பலம்; கூடியது வாங்கும்) ஏறக்குறைய +260 மில்லிவோல்ற்று. பெரொக்சிடேஸுக்குப் புத்தகத்தில் தேடினால் அதன் ஓய்வுநிலை இரும்புக்கு உரிய மறைப் பெறுமானம்தான் முதலில் கிடைக்கும். அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் இலத்திரன் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்று வரும். வருடா வருடம் யாராவது ஒருவர் இந்தக் கணக்கோடு வந்து நிற்பார்.

ஓய்வில் இருக்கும் நொதியம் இலத்திரன் வாங்குவதில்லை. முதலில் ஐதரசன் பரவொட்சைட்டு வந்து அதை ஒட்சியேற்ற வேண்டும். அப்போது ஹீமின் (நடுவில் இரும்பு உள்ள தட்டையான வளையம்) இரும்பு +4 நிலைக்கு ஏறும். பக்கத்தில் உள்ள திரிப்டோபன் 191 (சங்கிலியில் 191ஆம் இடத்து அமினோவமிலம்) ஓர் இலத்திரனை இழந்து மூலிகமாகும், அதாவது சோடியில்லாத ஓர் இலத்திரனோடு நிற்கும். இந்த நிலையில் அதன் தாழ்த்தல் அழுத்தம் +260ஐவிட வெகுவாக மேலே. இனி இரண்டு சைற்றோகுரோம் சி ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளுக்கோர் இலத்திரன் கொடுத்துப் போகும். பரவொட்சைட்டு நீராகிவிடும்.

ஆகவே தாளில் இப்படிக் குறியுங்கள்: கொடுப்பது சைற்றோகுரோம் சி இன் ஹீம், வாங்குவது திரிப்டோபன் 191. பெரொக்சிடேஸின் ஹீமை வாங்குபவராக எழுதாதீர்கள். அடுத்த அளவீடு முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது.

3. கோப்பைத் துப்புரவாக்குங்கள்

2-பி-சி-சி கோப்பில் ஒரே சோடி இரண்டு தடவை இருக்கும். ஏ, சி சங்கிலிகள் பெரொக்சிடேஸ். பி, டி சங்கிலிகள் சைற்றோகுரோம் சி. ஏ, பி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறையுங்கள். நீர் மூலக்கூறுகளையும் இப்போதைக்கு மறைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பளிங்கில் அடுக்கிக் கிடப்பதாலேயே அருகில் வந்த புரதமும், உண்மையில் சோடி சேர்ந்த புரதமும் திரையில் ஒரே மாதிரித் தெரியும். ஒரு பிள்ளை ஏ சங்கிலிக்கும் டி சங்கிலிக்கும் இடையில் அளந்துகொண்டு ஒரு பின்னேரம் முழுவதையும் கழித்தது.

இன்னொன்று, எண்ணிடும் முறை. ஈஸ்ட்டின் சைற்றோகுரோம் சி யில் 108 அமினோவமிலங்கள் உண்டு. ஆனால் குதிரையின் சைற்றோகுரோமோடு ஒப்பிட வசதியாக −5 முதல் 103 வரை எண்ணிட்டிருப்பார்கள். மறை எண்ணைக் கண்டு கோப்பு பழுது என்று நினைக்க வேண்டாம். வேறொரு இடத்தில் லைசீன் 78 என்று படித்தது இங்கே 73 ஆக இருக்கலாம். ஐந்தைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

4. தூரத்தை அளவுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தூரம் சரிவராவிட்டால் ஏற்றம், பொருத்தம் எதுவும் உதவாது.

முதலில் இரண்டு ஹீம்களின் இரும்பையும் தொட்டு அளவுங்கள். ஏறக்குறைய 26 அங்ஸ்ட்ரோம் வரும். (ஓர் அங்ஸ்ட்ரோம் என்பது நனோமீற்றரில் பத்தில் ஒன்று.) அடுத்து சைற்றோகுரோம் சி யில் ஹீம் வளையத்தின் வெளியே தெரியும் விளிம்பிலிருந்து திரிப்டோபன் 191இன் வளையத்துக்கு அளவுங்கள். ஏறக்குறைய 16 வரும்.

எதைக் கணக்கில் எடுப்பது? விளிம்பிலிருந்து விளிம்புக்கு உள்ள அளவைத்தான். ஹீமில் இலத்திரன் இரும்பில் மட்டும் குந்திக்கொண்டிருப்பதில்லை; வளையம் முழுக்கப் பரவியிருக்கும். அது கிளம்புவது விளிம்பிலிருந்து.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று ஒரு தடவையாவது கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். புரதத்துக்குள் இலத்திரன் ஊடுருவும் வீதத்துக்குப் பலரும் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு: 13இலிருந்து, தூரத்தில் 3.6ஐக் கழித்து 0.6ஆல் பெருக்கி வருவதைக் கழியுங்கள். கிடைப்பது வீதத்தின் மடக்கை. சக்தித் தடை எதுவும் இல்லாதபோது வரும் பெறுமானம் இது.

தூரம் 10 என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 140 கோடி. 14இல் 58 இலட்சம். 16இல் மூன்றரை இலட்சம். 20இல் 1,400 சொச்சம். 26இல் மூன்று செக்கனுக்கு ஒன்று! இரும்பிலிருந்து இரும்புக்கு அளந்தவர் "இந்த நொதியம் வேலையே செய்யாது" என்ற முடிவுக்கு வருவார். விளிம்பிலிருந்து அளந்தவருக்குப் பத்து இலட்சம் மடங்கு வேகம் கிடைக்கும். பிழை வெறும் 10 அங்ஸ்ட்ரோம்.

சக்தித் தடையையும் சேர்க்க விரும்பினால், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சக்தி வேறுபாடு இல்லாத, மறுசீரமைப்புச் சக்தி (தாவலுக்காகச் சுற்றியுள்ள அணுக்கள் இடம் மாறத் தேவையான சக்தி) 0.7 இலத்திரன்வோல்ற்று உள்ள ஒரு சோடிக்கு மடக்கையிலிருந்து இன்னும் 2.2 கழியும், ஏறக்குறைய 150 மடங்கு மெதுவாகும். சூத்திரத்தின் விடை பத்து மடங்கு முன்பின் இருக்கலாம். தூரம் கூடும்போது வீதம் எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பதைக் காட்டுவதற்குத்தான் இது.

இயற்கையில் இலத்திரன் தாவும் இடைவெளிகள் பெரும்பாலும் 14 அங்ஸ்ட்ரோமுக்குள்தான். நம்முடைய சோடி அந்த எல்லைக்குச் சற்று வெளியே நின்றும் வேலை செய்கிறது. 20ஐத் தாண்டிய அளவு வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்: தப்பான சங்கிலியா, தப்பான மையமா, இல்லை இடையில் இன்னொரு படிக்கல் இருக்கிறதா?

5. இடையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஹீம் விளிம்பிலிருந்து நொதியத்துக்குள் நுழையும்போது அலனின் 194, அலனின் 193, கிளைசீன் 192, திரிப்டோபன் 191 என்று வரிசையாக வரும். இவற்றைக் குச்சி வடிவில் காட்டி ஒரே நிறம் கொடுங்கள். பார்க்கவே அழகாக இருக்கும்.

அழகாக இருப்பதால் அதைக் கரண்ட் கம்பி என்று நினைத்துவிடக் கூடாது. இலத்திரன் அந்த அமினோவமிலங்களில் இறங்கி ஏறிப் போவதில்லை. ஒரே தாவலில் ஊடுருவுகிறது. இடையில் அணுக்கள் நெருக்கமாக இருந்தால் தாவல் இலேசு, வெற்றிடம் இருந்தால் கடினம். இந்தப் படியை இத்தோடு விடலாம்.

6. ஏற்றத்தின் முகத்தைத் தேடுங்கள்

இப்போதுதான் 'அறிதல்', அதாவது புரதங்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது, தொடங்குகிறது. லைசீனையும் ஆர்ஜினினையும் நீலமாக்குங்கள். அஸ்பார்ட்டேற்றையும் குளுத்தமேற்றையும் சிவப்பாக்குங்கள். இரண்டு புரதங்களையும் புத்தகம் போல விரித்து, தொட்டுக்கொண்டிருந்த முகங்கள் உங்களைப் பார்க்கும்படி திருப்புங்கள்.

சைற்றோகுரோம் சி யில் ஹீம் விளிம்பு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையமாக நிற்கும். எதிரே பெரொக்சிடேஸில் சிவப்புத் திட்டு. கிட்டப் போய்ப் பாருங்கள்: சைற்றோகுரோமின் லைசீன் 73இன் நீண்ட வால் பெரொக்சிடேஸின் குளுத்தமேற்று 290ஐ நோக்கி நீண்டிருக்கும். அந்தப் பக்கம் லைசீன் 87, அஸ்பார்ட்டேற்று 34உம் குளுத்தமேற்று 35உம் இருக்கும் இடத்தை நோக்கி நிற்கும். வால் என்று சொன்னது காரணத்தோடுதான். லைசீனின் ஏற்றம் நாலு காபன் தள்ளி நுனியில் இருக்கிறது; அது அசையும், வளையும், இறுக்கிப் பிடிக்காமல் தொட்டுக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் இங்கே விடும் பிழை, மொத்த ஏற்றத்தை எண்ணிவிட்டு நிறுத்துவது. ஒன்று நேர், மற்றது மறை, எனவே ஈர்ப்பு. அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள். மொத்த ஏற்றம் புரதங்களை நெருங்க வைக்கும், ஆனால் எந்த முகம் முன்னால் வர வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்வது ஏற்றம் ஒருபக்கமாகக் குவிந்திருப்பது. சைற்றோகுரோம் சி யின் முன்பக்கம் நேரேற்றம் செறிந்திருப்பதால், தூரத்திலிருந்து வரும்போதே அது திரும்பி, ஹீம் விளிம்பை முன்னால் வைத்துக்கொண்டு வருகிறது. ஏற்றம் எண்ணுவதோடு நில்லாமல், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து ஒப்பிடுங்கள்.

எவ்வளவு தூரத்திலிருந்து இந்தத் திசைகாட்டல் வேலை செய்யும்? அது உப்பைப் பொறுத்தது. சாதாரண உப்பு 0.01 மூலர் உள்ள கரைசலில் ஏற்றத்தின் செல்வாக்கு ஏறக்குறைய 30 அங்ஸ்ட்ரோம் வரை எட்டும், 0.1 மூலரில் 10 மட்டுமே. உப்பின் அயன்கள் ஒவ்வொரு ஏற்றத்தையும் சூழ்ந்து மறைத்துவிடுவதே காரணம். ஆகவே ஒரு பரிசோதனை முடிவைப் படிக்கும்போது உப்புச் செறிவு என்ன என்று முதலில் பாருங்கள். வெவ்வேறு உப்பில் எடுத்த இரண்டு பெறுமானங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் வரும் முடிவு பிழையாகிவிடலாம்.

7. நடுவில் உள்ள மொட்டைப் பகுதியைப் பாருங்கள்

நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் நிறமே இல்லாத ஒரு திட்டு இருக்கும். பெரொக்சிடேஸ் பக்கம் அலனின் 193, 194. சைற்றோகுரோம் பக்கம் ஹீம் விளிம்பு, அதை ஒட்டி அலனின் 81. நிறம் இல்லாததால் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். இலத்திரன் தாவும் இடம் இதுதான்!

நடுவில் ஏற்றம் ஏன் இல்லை? ஏற்றம் இருந்தால் அதைச் சுற்றி நீர் ஒட்டிக்கொள்ளும்; இரண்டு முகங்களுக்கும் நடுவில் நீர் தங்கிவிடும், மையங்கள் நெருங்க முடியாது. நீரை வெறுக்கும் திட்டுகள் சந்திக்கும்போது இடையில் இருந்த நீர் வெளியேறி, ஓரிரு அங்ஸ்ட்ரோம் மிச்சமாகும். நாலாம் படியில் போட்ட கணக்கின்படி 1.7 அங்ஸ்ட்ரோம் குறைந்தாலே பத்து மடங்கு வேகம்.

இந்தச் சோடியில் ஒவ்வொரு புரதத்திலும் மறையும் மேற்பரப்பு ஏறக்குறைய 600 சதுர அங்ஸ்ட்ரோம். நிலையாகச் சேர்ந்திருக்கும் புரதச் சோடிகள் பலவற்றில் இது 800 அளவில் இருக்கும், அதற்கு மேலும் போகும்.

8. பிடி ஏன் தளர்வு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

"டீச்சர், சரியாப் பொருந்தவே இல்லையே" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்.

கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையோடு வருகிறவர்கள் நிறுவையில் கொழுந்தைக் கொட்டி, கிலோவைப் பதிந்துகொண்டு உடனே நகர வேண்டும். ஒருவர் அங்கேயே நின்றுவிட்டால் பின்னால் உள்ள வரிசை முழுவதும் மழையில் நிற்கும். சைற்றோகுரோம் சி யும் இலத்திரனைக் கொடுத்துவிட்டு விலகினால்தான் அடுத்தது வர முடியும். அதுவும் திரும்பிப் போய் இன்னோர் இலத்திரனை ஏற்றிக்கொள்ள முடியும்.

எண்ணில் பாருங்கள். சேரும் வீதமாறிலி மூலருக்கு, செக்கனுக்கு 10⁸ என்று வையுங்கள். இலத்திரன் கைமாற்றும் புரதங்களுக்கு 10⁷ முதல் 10⁹ வரை வழக்கம். பிரிகை மாறிலி (சிறிதானால் பிடி இறுக்கம், பெரிதானால் தளர்வு) 10 மைக்ரோமூலர் என்றால், இரண்டையும் பெருக்கப் பிரியும் வீதம் செக்கனுக்கு 1,000. அதாவது ஒரு சந்திப்பு ஒரு மில்லிசெக்கன். அதே சோடி 1 நனோமூலர் அளவுக்கு இறுக்கமாகப் பிடித்தால் பிரியும் வீதம் 0.1 ஆகிவிடும்: ஒரு சந்திப்புக்குப் பத்துச் செக்கன். தாவலே செக்கனுக்கு இலட்சக்கணக்கில் நடக்கக்கூடிய இடத்தில், விலகுவதற்குப் பத்துச் செக்கன் என்றால் வேலை முடங்கிவிடும்.

எனவே பிரிகை மாறிலி பெரிதாக இருப்பதைக் கண்டு 'பலவீனமான சோடி' என்று ஒதுக்காதீர்கள். உப்பைக் குறைத்தால் வேகம் கூடிக்கொண்டே போகும் என்றும் நினைக்காதீர்கள். மிகக் குறைந்த உப்பில் பிடி இறுகி விலகுவது தாமதமாகும். மிகக் கூடிய உப்பில் சந்திப்பே குறையும். உச்ச வேகம் இடையில் எங்கோ கிடைக்கும்.

9. பளிங்கைத் தாண்டிப் பாருங்கள்

நீங்கள் பார்த்தது ஒரு நிலைப்படம். கரைசலில் சைற்றோகுரோம் சி வந்தவுடனேயே இந்த இடத்தில் உட்காருவதில்லை. முதலில் ஏற்றத்தின் இழுப்பில் எங்கோ தொட்டு, மேற்பரப்பில் உருண்டு, பல நிலைகளைக் கடந்துதான் இந்த நிலைக்கு வருகிறது. இந்த முதல் தொடுகைக்குச் 'சந்திப்புச் சிக்கல்' என்று பெயர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள் (சிக்கல் என்றால் இங்கே பிரச்சினை அல்ல, சேர்ந்து நிற்கும் சோடி). கருக்காந்தப் பரிவு ஆய்வுகளில், இந்தச் சோடி தன் நேரத்தில் 30 வீதம் அளவை இப்படி அலைவதிலேயே கழிப்பது தெரியவந்தது.

இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஒரு லைசீனைக் குளுத்தமேற்றாக மாற்றிய புரதத்தில் வேகம் குறைந்தது என்று படித்தால், உடனே "தூரம் கூடிவிட்டது" என்று எழுதாதீர்கள். சந்திப்பு குறைந்திருக்கலாம், உருண்டு இடம் சேர்வது பிந்தியிருக்கலாம், தாவலே மெதுவாகியிருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி: புரதத்தின் செறிவைக் கூட்டும்போது வேகமும் அதே விகிதத்தில் கூடினால் தடை சந்திப்பில் இருக்கிறது. ஓரளவுக்கு மேல் கூடாமல் நின்றுவிட்டால் தடை சேர்ந்த பிறகு நடக்கும் ஏதோ ஒன்றில்.

10. அதே ஒழுங்கில் தேயிலைக்குப் போங்கள்

முதல் சோடி கைவந்தால் அடுத்ததைத் தனியே செய்து பாருங்கள். நான் கொடுப்பது பிளாஸ்டோசயனின், ஒளித்தொகுப்பில் இலத்திரனைத் தூக்கிச் செல்லும் சிறு புரதம். வீட்டு வாசலில் நிற்கும் தேயிலைச் செடியின் பச்சையவுருமணியிலும் இதே வேலைதான் நடக்கிறது: சைற்றோகுரோம் எஃப் இடமிருந்து இலத்திரனை வாங்கி, ஒளித்தொகுதி 1இடம் கொடுப்பது.

தேயிலைப் பிளாஸ்டோசயனினைத் தேட வேண்டாம். பாப்ளர் மரத்தினுடையதை எடுங்கள், 99 அமினோவமிலம்தான். மையம் ஒரு செப்பு அணு. ஹிஸ்டிடீன் 87 மேற்பரப்பில் எட்டிப் பார்க்கும். அதைச் சுற்றி நீரை வெறுக்கும் தட்டையான திட்டு. பக்கவாட்டில் 42 முதல் 45 வரையும் 59 முதல் 61 வரையும் சிவப்புத் திட்டுகள். இங்கே தூதுபோகும் புரதம் மறையேற்றம், சந்திக்கப் போகும் இடம் நேரேற்றம். முதல் சோடியின் நேர் எதிர். "தூதுபோகும் புரதம் எப்போதும் நீலம்" என்று எழுதி வைத்திருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். சில நீலப்பச்சைப் பாசிகளில் பிளாஸ்டோசயனினுக்கு இந்தச் சிவப்புத் திட்டே கிடையாது.

தேயிலை என்றதும் ஒரு குழப்பம் வருவதுண்டு. அம்மாவோ அப்பாவோ தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள், அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செப்பு நிறத்துக்கு மாறுவதைக் கண்டவர்கள். அதுவும் ஒட்சியேற்றம்தானே, அங்கேயும் இரண்டு புரதங்கள் சந்திக்கின்றனவா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே வேலை செய்யும் பொலிபீனோல் ஒட்சிடேஸிலும் செப்பு இருக்கிறது. ஆனால் அது கட்டெக்கின் என்ற சிறு மூலக்கூறிலிருந்து இலத்திரனை எடுத்து ஒட்சிசனிடம் கொடுக்கிறது. எதிரே இன்னொரு புரதம் இல்லை. அதன் செப்பு மையம் ஒரு குழிக்குள் இருக்கும். பிளாஸ்டோசயனினின் தட்டையான முகத்தையும் அந்தக் குழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது புரதத்தைச் சந்திக்கப் பிறந்தது என்பது பெயர்ப்பட்டியைப் பார்க்காமலே தெரியும்.